அந்தமான் கடலை ஒரு ஏ4 பேப்பர்ல நீங்களே வரைஞ்சு புரிஞ்சுக்கறது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஐப்பசி பொறந்துட்டா போதும், சென்னையில எந்த வீட்ல டிவி ஓடினாலும் ஒரு வரி காதுல விழும், "தெற்கு அந்தமான் கடல் பகுதியில் புதிய காற்றழுத்த தாழ்வு பகுதி உருவாக வாய்ப்பு". உடனே மாடியில காயுற துணி ஞாபகம் வரும், ஸ்கூல் லீவு விடுவாங்களான்னு பேச்சு ஓடும். போன வருஷம் எங்க ராயபுரம் வீட்ல இதைக் கேட்டுட்டிருந்தப்ப ஒன்பதாவது படிக்கிற அக்கா பொண்ணு, "மாமா, அந்தமான் கடல்னா வங்காள விரிகுடாதானே, எதுக்கு தனியா ஒரு பேரு?"ன்னு கேட்டா. நான் வாயால என்னென்னமோ சொல்லிப் பார்த்தேன், அவ தலைய ஆட்டினாளே தவிர மண்டையில ஏறலைன்னு மூஞ்சைப் பார்த்தாலே தெரிஞ்சுது. சரி வா வரைஞ்சே பார்ப்போம்னு உக்காந்தோம், ரெண்டு ஞாயித்துக்கிழமை ஆச்சு, அதுக்கப்புறம் அவ அந்தக் கடலைப் பத்தி பேசுறதே வேற மாதிரி இருந்துது. அன்னைக்கு நாங்க பண்ணதைத்தான் அப்படியே வரிசையா எழுதறேன். டிஎன்பிஎஸ்சி, யூபிஎஸ்சி படிக்கிறவங்களுக்கும் உதவும், ஆனா எக்ஸாம் இல்லாட்டியும் சென்னையில இருக்கற யாரும் தெரிஞ்சு வச்சுக்க வேண்டிய கடல் இதுன்னுதான் நான் நினைக்கிறேன், நம்ம மழைல ஒரு பங்கு அங்கேர்ந்துதான் கெளம்பி வருது.

ஸ்டெப் 1: கட்டம் போடுங்க

ஒரு ஏ4 ஷீட், பென்சில், 30 செமீ ஸ்கேல், ரப்பர், நீலம் பிரவுன் சிவப்பு பச்சை கலர் பென்சில், கொஞ்சம் தையல் நூல், ரெண்டு மூணு காசு. இவ்வளவுதான். ஷீட்டை நிக்க வச்ச மாதிரி வச்சுக்கோங்க. அகலம் 16 செமீ, உயரம் 24 செமீ ஒரு பெட்டி போடுங்க, சுத்தி ரெண்டரை மூணு செமீ இடம் மிச்சம் வரும். உள்ள ரெண்டு ரெண்டு செமீக்கு ஒரு கோடு, குறுக்கயும் நெடுக்கயும். ஒவ்வொரு கட்டமும் ஒரு டிகிரி. கீழ் கோட்டுக்கு 5 டிகிரி வடக்குன்னு எழுதி ஒவ்வொண்ணா ஏத்திட்டே போனா மேல் கோடு 17. இடது கோடு 92 டிகிரி கிழக்கு, வலது கோடு 100.

இந்த அளவு எப்படி வந்துதுன்னா, ஒரு டிகிரிங்கறது தரையில ஏறத்தாழ 110 கிமீ, அப்போ உங்க பேப்பர்ல 1 செமீ வச்சா கடல்ல 55 கிமீ. பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்துல குறுக்கு நெடுக்கு ரெண்டு டிகிரியும் கிட்டத்தட்ட ஒரே நீளம்தான், அதனால சதுரக் கட்டமே போதும், பெரிய தப்பு வராது. ஒரு இடத்துக்கு நான் ரெண்டு நம்பர் சொன்னா, இடது கீழ் மூலையிலேர்ந்து முதல் நம்பர் வலது பக்கம் எத்தனை செமீ, ரெண்டாவது நம்பர் மேல எத்தனை செமீ. உதாரணத்துக்கு 4.4, 22.

ஸ்டெப் 2: முதல்ல சென்னையை வைங்க

சென்னை இந்த பேப்பர்லயே வராது! இடது கோட்டுலேர்ந்து இன்னும் இடது பக்கம் 23.5 செமீ தள்ளி, கீழ் கோட்டுக்கு மேல 16.2 செமீ உயரத்துல, டேபிள் மேல ஒரு ஒத்த ரூபா காசு வைங்க. அதுதான் நம்ம மெரினா. இந்தக் காசுக்கும் பேப்பருக்கும் நடுவுல இருக்கற வெறும் டேபிள்தான் வங்காள விரிகுடா. அக்கா பொண்ணு கேட்ட கேள்விக்கு பாதி பதில் இந்த இடத்துலயே கிடைச்சுது, ரெண்டும் ஒண்ணு இல்ல, நடுவுல ஒரு சுவர் இருக்கு, இப்ப அந்த சுவரைத்தான் வரையப் போறோம்.

காசுலேர்ந்து நேரா கிழக்கே, அதாவது 13 டிகிரி கோட்டை ஒட்டியே விரலை நகர்த்திப் பாருங்க. வங்காள விரிகுடாவை தாண்டி வடக்கு அந்தமான் தீவுல இடிக்கும், அதை தாண்டி அந்தமான் கடல், அதையும் தாண்டினா மியான்மர்ல தவாய்க்கும் மெர்குயிக்கும் நடுவுல கரை ஏறும். நம்ம வீட்டுக்கு நேர் எதிர்க்கரை எதுன்னு கேட்டா இதுதான்.

ஸ்டெப் 3: மேற்கு சுவர்

மேல 4.4, 22ல ஒரு புள்ளி, அது மியான்மரோட நெக்ரைஸ் முனை. அங்கேர்ந்து தெக்கால வாங்க. 3.3, 19.7ல பிரிபாரிஸ் தீவு, 2.7, 18.2ல கோகோ தீவுகள், இது ரெண்டும் மியான்மருக்கு சொந்தம், நிறைய பேர் கோகோவையும் இந்தியாவோடதுன்னே நினைச்சுட்டிருக்காங்க. 2, 17.3ல லேண்ட்ஃபால் தீவு, இந்திய அந்தமான் இங்கதான் ஆரம்பம். அதுலேர்ந்து கீழ, ஒன்றரைக்கும் ரெண்டுக்கும் நடுவுல, ஒண்ணுக்கு கீழ ஒண்ணா வடக்கு அந்தமான், நடு அந்தமான், தெற்கு அந்தமான். 1.5, 13.3ல போர்ட் பிளேர், 2024லேர்ந்து ஸ்ரீ விஜயபுரம்னு பேரு மாத்தியிருக்காங்க. 1, 11.4ல லிட்டில் அந்தமான். அப்புறம் ஒரு பெரிய இடைவெளி. 1.6, 8.3ல கார் நிக்கோபார். 3, 6ல நான்கௌரி, கமோர்ட்டா, கட்சால்னு ஒரு கொத்து. 3.7, 3.5ல கிரேட் நிக்கோபாரோட தென்கோடி, அதான் இந்திரா முனை. கடைசியா 6.6, 1.1ல சுமத்ராவோட பண்டா ஆச்சே.

இப்ப எல்லாத்தையும் ஒரே இழுப்புல மெல்லிசா சேர்த்துப் பாருங்க, ஒரு வில்லு வளைஞ்ச மாதிரி வரும். வில்லோட முதுகு நம்ம பக்கம் பாத்து இருக்கும். வரையறதுலயே இந்தக் கோடுதான் ரொம்ப முக்கியம், அவசரப்படாம போடுங்க, ஏன்னா பின்னாடி சொல்லப்போற எரிமலை, சுனாமி, ஆழம் எல்லாத்துக்கும் வேர் இதுலதான் இருக்கு.

இன்னொண்ணு, போர்ட் பிளேர் தீவோட கிழக்கு கரையில இருக்கு. அதனால சென்னை ஹார்பர்லேர்ந்து கெளம்பற கப்பல் ஏறத்தாழ 1,200 கிமீ ஓடி, தீவுக்கூட்டத்தை தாண்டி அந்தப்பக்கம் போய்த்தான் ஹார்பருக்குள்ள நுழையணும். நான் ஒரு தடவை போனப்ப ரெண்டரை நாள் வெறும் தண்ணி, தண்ணி, தண்ணி, மூணாவது நாள் விடிகாலையில டெக்ல ஏறி நின்னா வானத்துக்கு அடியில கருப்பா ஒரு மேடு தெரிஞ்சுது, கொஞ்ச நேரத்துல அது பச்சையாச்சு, கப்பல் ஆடிட்டிருந்த ஆட்டம் தீவு மறைப்புக்குள்ள போனதும் சட்டுனு அடங்கிடுச்சு, பக்கத்துல நின்ன ஒரு பெரியவர் "கடல் மாறிடுச்சு தம்பி"ன்னாரு. சுவர்னு நான் சொல்றது இதைத்தான்.

ஸ்டெப் 4: மத்த மூணு பக்கம்

கிழக்கு கரை ஈஸி. 11.2, 23ல மோல்மேன், நம்ம பர்மா தமிழர் வீடுகள்ல பெரியவங்க வாயில இன்னும் இந்தப் பேருதான், மேப்ல மௌலமைன்னு இருக்கும். 12.4, 18.2ல தவாய், 13.2, 14.9ல மெர்குயி, இப்ப மியேக்னு சொல்றாங்க. 13.1, 10ல கௌதாங், மியான்மர் முடியற இடம். ஒரு சின்ன கழிமுகத்தை தாண்டினா எதிர்க்கரையில தாய்லாந்தோட ரனோங். 12.7, 7.7ல தகுவாபா. 12.6, 5.6ல புக்கெட். அங்கேர்ந்து கரை தென்கிழக்கா திரும்பி மலேசியா பக்கம் போகும், 15.6, 2.7ல லங்காவி.

மெர்குயிக்கு முன்னாடி கடல்ல பென்சில் முனையால சும்மா புள்ளி புள்ளியா குத்துங்க, நிறைய குத்துங்க, அங்க 800 தீவு இருக்கு. மோக்கென்னு ஒரு கடலோடி ஜனம் அந்தத் தீவுகளுக்கு நடுவுல படகுலயே பொழப்பு நடத்தினவங்க.

வடக்குல நெக்ரைஸ் முனையிலேர்ந்து 6, 21.6 வழியா 8.6, 23க்கு ஒரு கோடு, அது ஐராவதி டெல்டாவோட விளிம்பு, 8.6, 23 ரங்கூன் ஆத்தோட வாய். அதுக்கப்புறம் பெட்டிக்கு வெளிய லேசா மேல ஏறி மோல்மேனுக்கு இறங்குங்க. அந்தக் குடைவுதான் மார்த்தபான் வளைகுடா. தெற்குல பண்டா ஆச்சேலேர்ந்து கிழக்கே 10.3, 0.4 வரைக்கும் சுமத்ராவோட மேல் கரை. புக்கெட்டுக்கும் சுமத்ராவுக்கும் நடுவுல தென்கிழக்கு மூலை திறந்து கிடக்கும், அதான் மலாக்கா ஜலசந்திக்கு போற புனல்.

மேப் வந்துடுச்சு. ஏறத்தாழ 8 லட்சம் சதுர கிமீ, அதாவது ஆறு தமிழ்நாட்டை பக்கத்துல பக்கத்துல அடுக்கலாம்.

ஸ்டெப் 5: வாசல்களை குறிங்க

சுவர்ல எங்கெங்க ஓட்டை இருக்கோ அங்கெல்லாம் சிவப்புல அம்புக்குறி போடுங்க. மேலேர்ந்து வந்தா பிரிபாரிஸ் கால்வாய்கள், கோகோ தீவுக்கும் லேண்ட்ஃபாலுக்கும் நடுவுல கோகோ கால்வாய், தெற்கு அந்தமானுக்கும் லிட்டில் அந்தமானுக்கும் நடுவுல டங்கன் பாசேஜ். இதெல்லாம் சின்ன வாசல். பெரிய வாசல் ரெண்டு. லிட்டில் அந்தமானுக்கும் கார் நிக்கோபாருக்கும் நடுவுல பத்து டிகிரி கால்வாய், அகலம் 150 கிமீ அளவுக்கு இருக்கும், உங்க பேப்பர்ல ரெண்டரை செமீக்கு கொஞ்சம் மேல. பேரை மனப்பாடமே பண்ண வேண்டாம், 10ம் நம்பர் கோடு அது நடுவுலதான் போகும், அதே கோட்டை வலது பக்கம் ஓட்டிட்டே போனா கௌதாங்ல போய் முட்டும், அதாவது மியான்மர் முடியற இடமும் பத்து டிகிரிதான். எக்ஸாம்ல இந்த ஒரு கோட்டை வச்சே ரெண்டு கேள்வி அடிச்சிடலாம்.

இன்னொண்ணு கிரேட் சேனல், ஆறு டிகிரி கால்வாய்னும் சொல்வாங்க, இந்திரா முனைக்கும் சுமத்ராவுக்கு வடக்க இருக்கற குட்டி தீவுகளுக்கும் நடுவுல, இதுவும் 150, 160 கிமீதான். ஸ்கேலை வச்சு அளந்து பாருங்க, மூணு செமீ கூட வராது. அதே இந்திரா முனையிலேர்ந்து டேபிள்ல இருக்கற சென்னைக் காசு வரைக்கும் அளந்தா 1,600 கிமீக்கு மேல வரும். இந்தியாவோட ஒரு ஓரம் நமக்கு பக்கமா இந்தோனேசியாவுக்கு பக்கமான்னு கையால அளந்து பாக்கறப்பதான் உறைக்குது. மலாக்காவுக்கு போற வர்ற சரக்குக் கப்பல் கூட்டம் பெரும்பாலும் இந்த வாசல் வழியாத்தான். 1926லேர்ந்து 1973 வரைக்கும் ஓடின ரஜூலா கப்பல், மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர்னு நம்ம ஊர் ஜனங்களை ஏத்திட்டுப் போச்சே, அது போன தண்ணியும் இந்தப் பக்கம்தான்.

ஸ்டெப் 6: ஆழத்துக்கு கலர்

பிரவுன் பென்சிலை எடுத்து ஐராவதி டெல்டாவுக்கு முன்னாடி, மார்த்தபான் வளைகுடா முழுக்க, மேலேர்ந்து ஆரம்பிச்சு, கீழ் கோட்டுலேர்ந்து 18 செமீ உயரத்துல இருக்கற இடம் வரைக்கும் லேசா தேய்ங்க. இதெல்லாம் ஆழம் கம்மி, சேத்துத் தண்ணி. ஐராவதி, சிட்டாங், திபெத்துலேர்ந்து வர்ற சால்வீன், மூணு ஆறும் கொண்டு வர்ற வண்டல் மொத்தமும் இங்கதான் கொட்டுது. இந்த வளைகுடாவுல ஓதமும், அதாவது கடல்மட்டம் தினம் ஏறி இறங்கறதும், பயங்கரம், சில இடத்துல 6, 7 மீட்டர் ஏறி இறங்கும், நம்ம மெரினாவுல ஒரு மீட்டர் வாக்குலதான் இருக்கும். சிட்டாங் ஆத்துக்குள்ள ஓதம் சுவர் மாதிரி எழும்பி எதிர்நீச்சல்ல ஏறிப் போகும்.

கிழக்கு கரையை ஒட்டி ரெண்டு மூணு செமீ அகலத்துக்கு வெளிர் நீலம், அதுவும் ஆழம் கம்மியான திட்டு. மிச்சம் நடுவுல, நிக்கோபாருக்கு கிழக்க, அழுத்தமான நீலம். அங்க 3,700 மீட்டரையும் தாண்டி போகுது. ஒரு பக்கம் நிலம் சரிவா இறங்குது, இன்னொரு பக்கம் தீவுச் சுவரை ஒட்டி பள்ளமா விழுது, சரிஞ்சு நிக்கற தட்டுல தண்ணி ஊத்தின மாதிரி.

சுவர் தண்ணிக்கு அடியிலயும் தொடர்ந்து போகுது, வாசல்கள் எல்லாத்துக்கும் அடியில வாசப்படி இருக்கு. அதனால வங்காள விரிகுடாவோட அடியில இருக்கற ரொம்ப ஜில்லுன்ன தண்ணி படி ஏறி இந்தப்பக்கம் வர முடியாது, ஒரே ஆழத்துல அளந்தா அந்தமான் கடலோட அடித்தண்ணி கொஞ்சம் சூடாத்தான் இருக்கும்.

அந்த வாசப்படி இன்னொரு வேலையும் பண்ணுது. ஓதத்தண்ணி தினம் அந்த மேட்டு மேல ஏறி இறங்கறப்ப கடலுக்கு உள்ளயே அலை கிளம்புது. மேல சூடான லேசான தண்ணி, கீழ ஜில்லுன்னு கனமான தண்ணி, ரெண்டுக்கும் நடுவுல இருக்கற எல்லை 60, 80 மீட்டர் கூட ஏறி இறங்கும், மேல நிக்கற கப்பல்ல இருக்கறவனுக்கு பெருசா ஒண்ணும் தெரியாது, தண்ணி மேல நீளமா கோடு கோடா நுரைச்சலான பட்டை நகர்ந்து போறது மட்டும் கண்ணுக்குப் படும். 19ம் நூற்றாண்டு மாலுமிகள் இதை பாத்து ஆச்சரியப்பட்டு எழுதி வச்சிருக்காங்க, இப்ப சேட்டிலைட் படத்துல அந்தக் கோடுகள் நூத்துக்கணக்கான கிமீ நீளத்துக்கு தெரியுது. தாய்லாந்தோட சிமிலன் தீவுகள்ல இந்த அலை அடியிலேர்ந்து ஜில் தண்ணியையும் சத்தையும் மேற்கு பக்கத்து பவளப்பாறைக்கு கொண்டு வந்து கொட்டுது. உங்க மேப்ல நிக்கோபார்லேர்ந்து கிழக்கு நோக்கி மெல்லிசா மூணு நாலு வளைவு போட்டு வைங்க, இந்தக் கடலோட கையெழுத்து அது.

ஸ்டெப் 7: இந்தக் கடல் எப்படி வந்துது

இங்க கொஞ்சம் நின்னு நிதானமா போகலாம், இது புரிஞ்சா மத்ததெல்லாம் தானா ஒட்டிக்கும்.

வில்லுக்கு வெளிப்பக்கம், அதாவது நம்ம பக்கம், கடலடியில இந்திய பிளேட் இருக்கு, பிளேட்னா பூமியோட மேலோட்டுல ஒரு பெரிய துண்டு. அது வில்லுக்கு அடியில சொருகிட்டே போகுது, நேரா சொருகல, சாய்வா, வடக்க இழுத்துட்டே சொருகுது. சப்பாத்தி மாவை கட்டையால சாய்வா தள்ளினா ஓரத்துல ஒரு துண்டு பிஞ்சு கூடவே போகுமில்லையா, அந்த மாதிரி வில்லோட ஓரத் துண்டு பிரிஞ்சு வடக்க நகருது. அந்தத் துண்டு நகர்ந்ததால பின்னாடி விட்ட கிழிசல்தான் அந்தமான் கடலோட நடுப்பள்ளம். சுமாரா 40 லட்சம் வருஷமா அந்தக் கிழிசல் விரிஞ்சுட்டே இருக்கு, நூறு கிமீக்கு மேல திறந்திருக்கு. அந்தக் கிழிசல் வடக்க போய் மியான்மரோட சகாயிங் பிளவா மாறுது, தெக்க சுமத்ரா பிளவா மாறுது. 2025 மார்ச் 28ல மாண்டலேவை உலுக்கின 7.7 அளவு நிலநடுக்கம் அந்த சகாயிங் பிளவுலதான்.

இப்ப ரெண்டு கோடு போடுங்க. பிரவுன்ல ஒண்ணு, நம்ம வில்லு மேலயே. சொருகற பிளேட்டோட முதுகுலேர்ந்து சுரண்டப்பட்ட வண்டலும் பாறையும் குவிஞ்ச மேடு அது, மியான்மரோட ராக்கைன் மலைத்தொடர் கடல்ல முங்கி அங்கங்க தலை தூக்கினதுதான் அந்தமானும் நிக்கோபாரும். சிவப்புல இன்னொண்ணு, அதுக்கு கிழக்க. 4.5, 16.9ல நார்கொண்டம், 3.7, 14.6ல பேரன் தீவு. சொருகின பிளேட் ஆழத்துல போய் உருகல் உண்டாக்கற கோடு இது, மேல மியான்மரோட போப்பா மலை, கீழ சுமத்ராவோட எரிமலைகள், நடுவுல இந்த ரெண்டும். நார்கொண்டம் அடங்கிப் போன எரிமலை, உலகத்துல வேற எங்கயும் இல்லாத நார்கொண்டம் இருவாச்சி பறவைக்கு வீடு. பேரன் தீவு இந்தியாவுல இன்னும் கக்கிட்டிருக்கற ஒரே எரிமலை, 1787ல கக்கினது பதிவாகியிருக்கு, 19ம் நூற்றாண்டுக்கு அப்புறம் தூங்கி 1991ல முழிச்சுது, 2017லயும் சாம்பலும் நெருப்பும் வந்துது. நார்கொண்டத்தோட உயரத்தையும் சென்னைக் காசோட உயரத்தையும் பாருங்க, 16.9ம் 16.2ம். ஏறத்தாழ நம்ம அட்சரேகையிலயே ஒரு எரிமலை நிக்குது.

அப்புறம் 2004 டிசம்பர் 26. அதை எழுதறப்ப இப்பவும் எனக்கு கை கொஞ்சம் தயங்குது, சீனிவாசபுரம், நொச்சிக்குப்பம் பக்கம் அன்னைக்கு பாத்ததை மறக்க முடியாது. காலையில 6.28க்கு சுமத்ராவுக்கு மேற்க நிலநடுக்கத்துல ஆரம்பிச்ச கிழிசல் வில்லோட வெளி ஓரத்துலயே வடக்க ஓடி ஏறத்தாழ 1,300 கிமீ, வடக்கு அந்தமான் வரைக்கும் போச்சு. ஆரம்பிச்ச இடம் பேப்பருக்கு கீழ வெளிய, உங்க பிரவுன் கோட்டுல முக்கால்வாசி அது ஓடின வழிதான். இந்திரா முனையில நிலம் நாலு மீட்டருக்கு மேல தாழ்ந்து கலங்கரை விளக்கத்தோட அடி தண்ணிக்குள்ள போயிடுச்சு, வடக்கு அந்தமானோட மேற்கு பக்கம் பவளப்பாறை தண்ணிக்கு மேல தூக்கி வந்து நின்னுது.

இதுல மேப் சொல்ற ஒரு விஷயத்தை கவனிங்க. சுனாமி வேகம் ஆழத்தை பொறுத்தது. 4,000 மீட்டர் ஆழத்துல மணிக்கு 700 கிமீ, 100 மீட்டர் ஆழத்துல 110 கிமீதான். நிலநடுக்க மையத்துலேர்ந்து புக்கெட் 500 கிமீ வாக்குல, சென்னை அதைவிட பல மடங்கு தூரம். ஆனா புக்கெட்டுக்கு போக கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரம் ஆச்சு, சென்னைக்கு 9 மணி வாக்குல வந்துடுச்சு. காரணம் நீங்க போட்ட அந்த வெளிர் நீலத் திட்டு, அலை அதுல ஏறினதும் வேகம் செத்துடுச்சு, இந்தப்பக்கம் வங்காள விரிகுடா முழுக்க ஆழம், தங்கு தடை இல்லாம ஓடி வந்துடுச்சு. தாய்லாந்து பக்கம் கடலடி தாழ்ந்ததால அங்க முதல்ல கடல் உள்வாங்குச்சு. கடல் பின்வாங்கினா மேட்டுக்கு ஓடணும்னு மோக்கென் ஜனங்களுக்கு பாட்டன் முப்பாட்டன் சொல்லி வச்சிருந்தாங்க, சூரின் தீவுகள்ல இருந்தவங்க அப்படித்தான் தப்பிச்சாங்க. உங்க வீட்டு பசங்களுக்கும் இதை சொல்லி வைங்க.

ஸ்டெப் 8: மழையை மேப்ல ஏத்துங்க

வானிலை அறிக்கையில வடக்கு அந்தமான் கடல், தெற்கு அந்தமான் கடல்னு ரெண்டா பிரிச்சு சொல்வாங்க. மே மூணாவது வாரம் வாக்குல தென்மேற்கு பருவமழை இந்தியாவுல முதல்ல தொடற இடம் தெற்கு அந்தமான் கடலும் நிக்கோபாரும்தான், கேரளாவுக்கு ஜூன் 1 வாக்குலதான் வரும்.

ஆனா நமக்கு முக்கியம் அக்டோபர், நவம்பர், டிசம்பர். தென்சீனக் கடல்லயோ தாய்லாந்து வளைகுடாவுலயோ பொறந்த ஒரு சுழல், மலாய் தீபகற்பத்தோட ஒல்லியான இடுப்பை தாண்டி இந்தக் கடல்ல இறங்கும். க்ரா நிலஇடுக்குல அந்த இடுப்பு 44 கிமீதான், பேப்பர்ல 1 செமீ கூட இல்ல, ஒரு புயல் சுழலுக்கு அது ஒரு தடையே இல்ல. இங்க வெதுவெதுப்பான தண்ணி கிடைக்கும், திரும்ப உசுரு வரும், மேற்க நகர்ந்து சுவரை தாண்டி வங்காள விரிகுடாவுல பெருசாகி நம்மகிட்ட வரும். 2018 கஜா அப்படி வந்ததுதான், தாய்லாந்து வளைகுடாவுல ஆரம்பிச்சு, தீபகற்பத்தை தாண்டி, அந்தமான் கடல் வழியா வந்து நவம்பர் 16 விடியறதுக்குள்ள நாகப்பட்டினம் வேதாரண்யம் நடுவுல கரையேறி டெல்டா மாவட்டத்து தென்னை எல்லாத்தையும் சாய்ச்சுது. 2016 டிசம்பர் 12 வர்தாவும் அந்தப் பக்கம் உருவானதுதான். அங்க ஒரு புள்ளி விழுந்தா நமக்கு ஒரு வாரம் வாக்குல டைம் இருக்குன்னு அர்த்தம், எல்லா புள்ளியும் நம்மகிட்ட வராது, பல தடவை வடக்க திரும்பி ஆந்திரா ஒடிசான்னு போயிடும், 2013 பைலின் இதே வழியில வந்து ஒடிசாவுக்கு போச்சு. காசிமேட்டுல ஆழ்கடலுக்கு போற போட்டுக்காரங்க இந்த ஒரு வாரத்தை கணக்கு பண்ணித்தான் ஐஸும் டீசலும் ஏத்துவாங்க.

ஸ்டெப் 9: எத்தனை நாடு?

இந்தியா, மியான்மர், தாய்லாந்து, இந்தோனேசியா, இந்த நாலுல சந்தேகமே இல்ல. மலேசியாதான் சர்ச்சை. சர்வதேச நீர்வரைவியல் அமைப்பு 1953ல போட்ட எல்லைப்படி தென்கிழக்கு எல்லை புக்கெட்டோட தென்முனையிலேர்ந்து சுமத்ராவோட வடமுனைக்கு ஒரு நேர்கோடு. போட்டுப் பாருங்க, லங்காவி அந்தக் கோட்டுக்கு வெளிய மலாக்கா ஜலசந்தி பக்கம் விழும். ஆனா புழக்கத்துல லங்காவி கரையையும் அந்தமான் கடல்னுதான் சொல்றாங்க, நிறைய புத்தகம் மலேசியாவையும் சேர்த்து அஞ்சுன்னு எழுதுது. என் கருத்து, எக்ஸாம்ல ஆப்ஷனை பாத்து முடிவு பண்ணுங்க, மேப்ல அந்தக் கோட்டை புள்ளிக்கோடா போட்டு ரெண்டையும் தெரிஞ்சு வச்சுக்கோங்க. கடல் எல்லை ஒப்பந்தம் இந்தியா போட்டிருக்கறது இந்தோனேசியாவோட 1974, 1977ல, தாய்லாந்தோட 1978ல, மியான்மரோட 1986ல.

ஸ்டெப் 10: நூலை எடுங்க

கடைசி வேலை, எனக்கு இதுலதான் மனசு நிறைஞ்சுது. இடது கோட்டுலேர்ந்து 24.3 செமீ இடது பக்கம், கீழ் கோட்டுக்கு மேல 11.5 செமீ உயரத்துல டேபிள்ல இன்னொரு காசு வைங்க, அது நாகப்பட்டினம். அக்கா பொண்ணு அந்தக் காசு மேல நூலோட ஒரு முனையை கட்டை விரலால அழுத்திப் பிடிச்சுகிட்டா, நான் இன்னொரு முனையை தகுவாபா, அதான் 12.7, 7.7ல வச்சு இழுத்தேன். நூல் விறைப்பா நின்னுது. எங்க நுழையுதுன்னு குனிஞ்சு பாத்தா இடது கோட்டுல 9 செமீ உயரத்துகிட்ட உள்ள வந்து, கார் நிக்கோபாருக்கு தலைக்கு மேல, பத்து டிகிரி கால்வாய் வழியா ஒரு தீவையும் தொடாம நேரா போய் அந்தக் கரையில இறங்குச்சு. அவ "மாமா, ரோடு மாதிரி இருக்கு"ன்னா.

தகுவாபா பக்கம் 9ம் நூற்றாண்டு தமிழ் கல்வெட்டு ஒண்ணு கிடைச்சிருக்கு, அவனிநாரணம்னு ஒரு குளம் வெட்டினதையும் அது மணிக்கிராமத்தார்ங்கற வணிகர் குழுவோட காவல்ல இருந்ததையும் சொல்லுது. கடலை தாண்டிப் போன நம்ம வணிகர்கள் அங்க ஒரு குளத்தை பாத்துகிட்டிருக்காங்கன்னா, வந்து போனவங்க மட்டும் இல்ல, தங்கினவங்களும் இருந்திருக்காங்க. 1025 வாக்குல ராஜேந்திர சோழன் படை போன ஊர்களை தஞ்சை பெரிய கோயில் கல்வெட்டு வரிசையா அடுக்குது, அதுல மாநக்கவாரம் நம்ம நிக்கோபார், இலாமுரிதேசம் சுமத்ராவோட வடமுனை, தலைத்தக்கோலத்தை இந்த தகுவாபா பக்கம்னு சொல்றாங்க, கடாரம் மலேசியாவோட கெடா, அது உங்க பெட்டிக்கு வலது பக்கம் கொஞ்சம் வெளிய வரும். நாலையும் பழைய பேரோட பச்சையில எழுதுங்க. எழுதி முடிச்சா கடலை சுத்தி எல்லா பக்கமும் ஒரு தமிழ் பேரு நிக்கும், வடக்குல பர்மா பக்கம் மட்டும் வெறுமையா இருந்தா அங்க ரங்கூன்னு போடுங்க, பீச் ஸ்டேஷன் எதிர்ல அத்தோ, அதான் பர்மா நூடுல்ஸ், விக்கிற கடைக்காரர்கிட்ட கேட்டா அந்த ரங்கூன் கதை அவர் சொல்லுவாரு.

எங்க ஷீட் இப்ப ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டியிருக்கு. செய்தியில எப்ப அந்தமான் கடல்னு வந்தாலும் அவ ஒரு பென்சில் புள்ளி வச்சு பக்கத்துல தேதி எழுதறா, அடுத்தடுத்த நாள் எங்க நகர்ந்துதோ அங்க அடுத்த புள்ளி, பேப்பர் தீர்ந்ததும் ஃப்ரிட்ஜ் கதவு மேலயே ஸ்டிக்கர் ஒட்டி இழுத்துட்டு வர்றா. போன சீசன்ல மூணு வரிசை ஆச்சு, ரெண்டு வடக்க திரும்பிடுச்சு, ஒண்ணு கதவோட கைப்பிடி வரைக்கும் வந்துது, அன்னைக்கு ராயபுரத்துல முழங்கால் தண்ணி.